செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானம்: அப்பா அம்மாவோடு போகத் திட்டம், யோசனை சொல்லுங்கள்

மேற்குமலை
எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. ஓபன் கோல்ஃப் போட்டியை ஆண்டுதோறும் ராத்திரி கண் விழித்து டிவியில் பார்க்கிறவர். அவரை ஒருமுறையாவது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸில், அதாவது பழைய மைதானத்தில், ஆட வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அவருடைய ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய நல்லது) 22, எனக்கு 16. அம்மாவும் வருகிறார், அவர் ஆடமாட்டார். பத்து நாள் விடுப்பு கிடைக்கும். அடுத்த கோடை அல்லது அதற்கடுத்த கோடை.

கேள்விகள்: பழைய மைதானத்தில் டீ டைம் (ஆட்டம் தொடங்க ஒதுக்கும் நேரம்) வாங்க உண்மையில் என்ன வழி? எந்த மாதம் நல்லது? பத்து நாளையும் ஸ்காட்லாந்திலேயே வைத்துக்கொள்ளலாமா, இல்லை அயர்லாந்தையும் சேர்க்கலாமா?

டண்டீ_தென்றல்
வணக்கம் தம்பி. நான் டண்டீயில் இருக்கிறேன். டே பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த மைதானம் எந்த கிளப்புக்கும் சொந்தமில்லை. முதல் டீக்கு (ஆட்டம் தொடங்கி முதல் அடி அடிக்கிற இடம்) பின்னால் டிவியில் தெரியும் கல் கட்டடம் 1754-இல் தொடங்கிய ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புடையது, சரி. ஆனால் எதிரே இருக்கும் புல்வெளி ஊருடைய பொது நிலம். அங்கே கோல்ஃப் ஆடவும் கால்நடை மேய்க்கவும் ஊர்மக்களுக்கு உரிமை உண்டு என்று பேராயர் ஹாமில்டன் 1552-இல் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். இப்போது அதை நிர்வகிப்பது 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் டிரஸ்ட். கோவையிலிருந்து வருகிற உங்கள் அப்பாவும் யாருடைய சிபாரிசும் இல்லாமல் அங்கே ஆடலாம் என்பது இதனால்தான். பணத்தை நீட்டியவுடன் இடம் கிடைத்துவிடாது என்பதற்கும் காரணம் இதுதான். ஊர்க்காரர்களுக்கு உரிய நேரம் போகத்தான் மற்றவர்களுக்கு.

வழிகளைச் சொல்கிறேன். முதலாவது பேலட், அதாவது குலுக்கல். ஆட வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்பு மதியம் 2 மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். புதன்கிழமை ஆட திங்கள் மதியத்துக்குள். ஆன்லைனிலேயே கொடுக்கலாம். குறைந்தது இரண்டு பேர், அதிகபட்சம் நான்கு பேர். அன்று மாலையே முடிவு வந்துவிடும். நீங்களும் அப்பாவும் இரண்டு பேர் இருப்பதால் இது உங்களுக்குப் பொருந்தும். இரண்டாவது, தனி ஆளாகச் சேர்வது. இரண்டு மூன்று பேர் மட்டுமே இருக்கும் குழுவில் காலி இடம் இருந்தால் ஒருவரைச் சேர்ப்பார்கள். முன்பெல்லாம் விடியுமுன் குளிரில் போய் வரிசையில் நிற்பார்கள். 2024 முதல் அதையும் குலுக்கலாக்கிவிட்டார்கள், முந்தின நாள் நேரில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். மூன்றாவது, முந்தின ஆண்டுக் கோடை முடிவில் டிரஸ்ட் திறக்கிற முன்பதிவு விண்ணப்பம். கிடைத்தால் நிம்மதி. ஆனால் கேட்பவர்கள் ஏராளம். அதனால் விண்ணப்பம் போட்டுவிட்டு, கிடைக்காது என்று வைத்துக்கொண்டே மற்றதைத் திட்டமிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி ஏதாவது நடந்தால் மட்டும் விதிவிலக்கு. எனவே திங்கள் ஆட்டத்துக்கான குலுக்கல் சனிக்கிழமையே.

ஹேண்டிகேப் சான்றிதழ் இல்லாமல் பழைய மைதானத்தில் விடமாட்டார்கள். உங்கள் கிளப்பில் இருவருக்கும் முறையாக வாங்கி, அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்72
அக்கா சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் இவர்களுடைய நிலைமைக்கு குலுக்கல் ஒத்துவராது என்பது என் கருத்து. மூன்று பேருக்கு விமான டிக்கெட், விசா, பத்து நாள் தங்கும் செலவு. 68 வயது அப்பா. இவ்வளவு செய்துவிட்டு, தினமும் மாலையில் போனைப் பார்த்து "இன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பதா? டீ டைம் உறுதியோடு பேக்கேஜ் தருகிற ஏஜென்டுகள் இருக்கிறார்கள். ஓட்டல், இன்னொரு மைதானத்தில் ஒரு ரவுண்ட் எல்லாம் சேர்த்துத்தான் விற்பார்கள், விலை மிக அதிகம். இருந்தாலும் வாழ்நாளில் ஒருமுறை போகிற பயணத்துக்கு அதுதான் பாதுகாப்பு.

டண்டீ_தென்றல்
பார்72, உங்கள் கவலை நியாயம்தான். வசதி இருந்தால் தாராளமாகச் செய்யட்டும். ஏஜென்டை எடுத்தால் அவர் டிரஸ்டின் அங்கீகாரம் பெற்றவரா என்று மட்டும் டிரஸ்டிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கோடையில் பழைய மைதானத்தின் கட்டணமே ஒருவருக்கு 300 பவுண்டைத் தாண்டிவிட்டது. பேக்கேஜில் அது பல மடங்கு ஆகும். அந்தப் பணத்தில் ஊருக்குள்ளேயே ஒரு வாரம் தங்கலாம். ஒரு வாரம் தங்கினால் பல குலுக்கல்களில் பெயர் இருக்கும். அவசரப் பயணங்களை நான் பார்த்திருக்கிறேன்: எடின்பரோவில் தங்கி ஒரே ஒரு நாள் வந்து, கிடைக்கவில்லை என்று வருத்தத்தோடு திரும்புகிறவர்கள். அயர்லாந்தையும் சேர்த்தால் நீங்களும் அப்படித்தான் ஆவீர்கள். பத்து நாளையும் செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கிற ஃபைஃப் கடற்கரையில் வையுங்கள், அதில் ஏழு எட்டு இரவு செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே. ஏப்ரல் கடைசி, மே முதல் பாதி, அக்டோபர் நடுவில் கூட்டம் குறைவு, வாய்ப்பு கூடும்.

ஒரு எச்சரிக்கை: 2027 ஜூலையில் ஓபன் அங்கேதான். அந்தக் கோடையைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் டன்ஹில் போட்டியும் வரும், அந்த வாரமும் வேண்டாம்.

மேற்குமலை
மிக்க நன்றி அக்கா. அயர்லாந்தை எடுத்துவிட்டேன். மே மாதம் என்றே யோசிக்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும், அப்பாவுக்கு இடது முழங்காலில் வலி உண்டு. இங்கே பக்கியில் (சிறிய கோல்ஃப் வண்டி) தான் போவார். அங்கே பக்கி உண்டா?

இரட்டைக்கொடி
பழைய மைதானத்தில் பொதுவாக பக்கி கிடையாது, நடந்துதான் ஆட வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் முன்கூட்டியே டிரஸ்டுக்கு எழுதிக் கேளுங்கள், டாக்டர் கடிதமும் தயாராக இருக்கட்டும். ஆனால் நான் சொல்வது, இப்போதிருந்தே அப்பாவை நடக்க வையுங்கள். இன்னும் பல மாதம் இருக்கிறது. மொத்தம் 7 கிலோமீட்டருக்கு மேல் வரும், ஆனால் பெரிய ஏற்றம் இறக்கம் இல்லை. தரையும் மணல் கலந்தது, மழை பெய்தாலும் சேறாகாது. நம் மலைப்பகுதி மைதானங்களைவிட முழங்காலுக்கு எவ்வளவோ மேல். ஒன்று நினைவில் வையுங்கள்: ஒன்பது ஹோல் முடிந்ததும் கிளப் வீட்டுக்குத் திரும்புகிற அமைப்பு இது இல்லை. நேராகக் கடல்முகம் வரை போய், வளைந்து, அப்படியே திரும்பி வர வேண்டும். பாதி வழியில் சூடாகக் குடிக்க ஒரு சிறு கடை இருக்கிறது.

அப்பாவுக்குக் கண்டிப்பாக கேடி எடுங்கள். பையைச் சுமக்க மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த மைதானத்தில் டீயில் நின்றால் எந்தப் பக்கம் அடிப்பது என்றே தெரியாது. பல பங்கர்கள் (மணல் குழிகள்) கண்ணுக்குத் தெரியாமல் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மொத்தம் 112 பங்கர். 18 ஹோல்களில் 14-க்குப் பகிர்ந்த கிரீன் (கொடியும் குழியும் இருக்கும் வழவழப்பான புல்தரை): 2-ம் 16-ம் ஒன்று, 3-ம் 15-ம் ஒன்று, இப்படி எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். 1, 9, 17, 18 மட்டும்தான் தனி. போகும் ஒன்பதுக்கு வெள்ளைக் கொடி, திரும்பும் ஒன்பதுக்குச் சிவப்பு. தப்பான கொடியை நோக்கி அடித்தால் 50 கஜம் பட் செய்ய (தரையில் உருட்டி அடிக்க) வேண்டி வரும்.

கேடி இல்லாவிட்டாலும் ஒரே ஒரு விதி போதும்: சந்தேகமா, இடப்பக்கம் அடி. வலப்பக்கம் முள்புதரும் எல்லைக்கோடும். இடப்பக்கம் எதிரே வருகிறவர்களின் ஃபேர்வே (புல் வெட்டிய ஆட்டப்பாதை) பரந்து கிடக்கும். பிறகு கிரீனுக்குக் கோணம் கொஞ்சம் கடினமாகும். பரவாயில்லை, பந்து கையில் இருக்குமே.

பனையோலை
கொழும்பிலிருந்து. நாங்கள் ஆடுகிற மைதானத்தின் நடுவே ரயில் பாதை போகிறது. அதனாலேயே பழைய மைதானத்தின் 17-ஆவது ஹோல் மீது எனக்குத் தனிப் பிரியம். அங்கே இப்போது ரயில் இல்லை, 1969-இலேயே ஊருக்கு ரயில் நின்றுவிட்டது. பழைய ரயில்வே கொட்டகையின் வடிவில் கட்டியதை ஓட்டலோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். டீயிலிருந்து அதற்கு மேலாகத்தான் அடிக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது ஆட்ட முறை பற்றி. தம்பி, நம் பக்கத்து மைதானங்களில் நாம் பழகியது உயரத் தூக்கி அடித்து, பந்து விழுந்த இடத்திலேயே நிற்க வைப்பது. புல் தடிப்பு, மண் ஈரம், அதனால் நிற்கும். அங்கே புல் ஊசி போல மெல்லிய ஃபெஸ்க்யூ. அடியில் மணல். தரை கெட்டி. உயர அடித்த பந்தைக் காற்று எங்கேயோ கொண்டுபோகும். விழுந்தாலும் துள்ளி ஓடும். எனவே பயணத்துக்கு முன் இதைப் பழகுங்கள்: 7 அயர்ன் மட்டை, பந்தை வலது காலருகே வைத்து, பிடியைக் கொஞ்சம் கீழிறக்கி, முக்கால் ஸ்விங். பந்து தாழப் பறந்து, முன்னாலேயே விழுந்து, உருண்டு போக வேண்டும். கிரீனுக்கு வெளியே 20, 30 கஜத்தில் இருந்தாலும் பட்டரையே எடுங்கள். அங்கே ஊர்க்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். எதிர்க்காற்றில் பலமாக அடிக்காதீர்கள், பந்து இன்னும் மேலே ஏறும். வழக்கத்தைவிட இரண்டு படி அதிக தூரம் போகிற கிளப்பை (மட்டையை) எடுத்து மெதுவாக அடியுங்கள்.

உங்கள் அப்பா மாதிரி 22 ஹேண்டிகேப் ஆளுக்கு இந்த மைதானம் அன்பானது என்றே சொல்வேன். தண்ணீரைத் தாண்டி 180 கஜம் தூக்கி அடி என்று எங்கேயும் கட்டாயப்படுத்தாது. முதல் ஹோலில் கிரீனுக்கு முன்னால் சிறிய ஸ்வில்கன் ஓடை மட்டும்தான். மற்ற இடமெல்லாம் உருட்டிக்கொண்டே போகலாம்.

பங்கர் மட்டும் வேறு விஷயம். 14-ஆவது ஹோலில் இருக்கும் ஹெல் பங்கர் ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். 1995 ஓபனில் ஜாக் நிக்லஸ் அதில் மாட்டி அந்த ஹோலுக்கு 10 அடித்தார். 1978-இல் ஜப்பானின் நகாஜிமா 17-ஆவது கிரீனில் பட் செய்த பந்து ரோடு பங்கருக்குள் உருண்டு, 9 ஆகிவிட்டது. 2000-இல் டைகர் உட்ஸ் நான்கு நாளும் ஒரு பங்கரிலும் விழாமல் ஆடிக் கோப்பையை வாங்கினார். பங்கரில் விழுந்தால் பக்கவாட்டில், தேவைப்பட்டால் பின்னால் அடித்து வெளியே வாருங்கள். கொடியைப் பார்க்கவே வேண்டாம்.

நடைப்பிரியை
நான் கோல்ஃப் ஆடுகிறவள் இல்லை. கணவரோடு போயிருக்கிறேன், அதனால் உங்கள் அம்மா பக்கத்திலிருந்து சில வார்த்தை.

அங்கே ஆடாதவர்களுக்கு நேரம் போகாது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய மைதானத்தை ஒட்டியே ஹிமாலயாஸ் என்று ஒரு பட்டிங் திடல். 1867-இல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப்புடையது. அந்தக் காலத்தில் பெண்கள் முழு வீச்சில் கிளப்பைச் சுழற்றுவது தகாது என்று கருதியதால் அவர்களுக்கென்று ஒதுக்கிய இடம். இன்றைக்கு யாரும் சில பவுண்டு கொடுத்து ஆடலாம், பட்டரும் பந்தும் அங்கேயே தருவார்கள். மேடும் பள்ளமுமாகத் தரை அலையடிக்கும். என் கணவரை நான் அங்கே ஜெயித்தேன். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து ஆடட்டும்.

அப்புறம் வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரை, இடிந்த பேராலயம், பழைய பல்கலைக்கழகத் தெருக்கள், எல்லாம் நடக்கும் தூரம். பேராலய வளாகத்தில் ஓல்ட் டாம் மோரிஸ், அவருக்கு முன்பே இளம் வயதில் இறந்துபோன மகன், இருவருடைய கல்லறையும் இருக்கிறது. அந்த மைதானத்தை ஏறக்குறைய நாற்பது ஆண்டு பராமரித்தவர் ஓல்ட் டாம் மோரிஸ். அப்பாவை அங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள்.

டண்டீ_தென்றல்
நடைப்பிரியை சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமையைச் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும்படி அமையுங்கள். ஆட்டம் இல்லாத அந்த நாளில் மைதானம் பூங்காவாகிவிடும். நாயை அழைத்து வருகிறவர்கள், சைக்கிள் தள்ளுகிற பிள்ளைகள், தாத்தா பாட்டிகள் எல்லோரும் ஃபேர்வேயில் நடப்பார்கள். நீங்கள் மூவரும் முதல் ஹோலிலிருந்து 18 வரை நடக்கலாம். நிதானமாக நின்று ஹெல் பங்கரின் விளிம்பைப் பார்க்கலாம், ஸ்வில்கன் பாலத்தில் படம் எடுக்கலாம். பங்கருக்குள் இறங்குவதும் கிரீனை மிதித்துக் கெடுப்பதும் வேண்டாம். பாலத்தருகே கால் பட்டுப் பட்டுப் புல் செத்துப்போகிறது என்று 2023-இல் கல் பதித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் எடுத்துவிட்டார்கள். அவ்வளவு அக்கறையோடு ஊரும் உலகமும் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிற அதே புல்லில் ஓபன் நடக்கிறது என்பதை அப்பா கண்ணால் பார்க்க வேண்டும். டிவி அதைக் காட்டாது. குலுக்கலில் பெயர் வராமலே போனாலும் இந்த நடை உங்களுக்குக் கிடைக்கும், காசும் கிடையாது. அப்படியே திங்கள் ஆட்டம் கிடைத்துவிட்டால், முந்தின நாள் நடந்து பார்த்தது பங்கர்களை நினைவில் வைக்க உதவும்.

பார்72
ஞாயிறு நடை எனக்குத் தெரியாத விஷயம் அக்கா. இதற்காகவே ஊருக்குள் தங்கலாம் போலிருக்கிறது. ஒரு வாரம் தங்குவது என்றால் பேக்கேஜ் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குலுக்கல் கிடைக்காத நாட்களில் எங்கே ஆடுவது?

இரட்டைக்கொடி
டிரஸ்டிடமே ஏழு மைதானம் இருக்கிறது. நியூ கோர்ஸ் பெயரில்தான் புதியது, திறந்தது 1895-இல், ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்தது. பழைய மைதானத்துக்கு அடுத்தே இருக்கிறது, அதே மணல், அதே காற்று. ஆட்டமாகப் பார்த்தால் அதுதான் மேல் என்கிற ஊர்க்காரர்களும் உண்டு. கட்டணமும் பாதிக்கும் கீழே. ஜூபிலி 1897, கொஞ்சம் கடினம். அப்பாவுக்கு ஈடன் நன்றாக இருக்கும், 1914-இல் ஹாரி கோல்ட் அமைத்தது, நீளம் குறைவு. இவற்றையெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்யலாம். முழங்கால் வலித்தால் பால்கோவ், ஒன்பது ஹோல்தான்.

வெளியே போவதென்றால் இலி ஊரின் மைதானம். அங்கே முதல் டீக்கு முன்னால் ஒரு மேடு மறைக்கும். மேட்டுக்கு அப்பால் ஆள் இருக்கிறார்களா என்று பார்க்க, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எடுத்த பெரிஸ்கோப்பை ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர்) குடிசையில் வைத்திருக்கிறார்கள்! அப்பா அதில் கண் வைத்துப் பார்க்கட்டும். பார் 5 (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய நீள ஹோல்) ஒன்றுகூட இல்லாத மைதானம், 16 பார் 4, இரண்டு பார் 3. வயதானவர்களுக்கு இதைவிட இனிய லிங்க்ஸ் (கடலோர மணல் மைதானம்) எனக்குத் தெரியாது. கிரெய்லும் பக்கத்தில்தான், கடல் பாறைகளை ஒட்டியே ஆடலாம். கார்னூஸ்டி வேண்டாம் என்பேன். அருமையான மைதானம்தான், ஆனால் அப்பாவை வாட்டிவிடும்.

மேற்குமலை
இழையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பெரிஸ்கோப் விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். நாளையிலிருந்து காலை நடை என்று சொல்லியிருக்கிறார்.

இப்படி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். மே முதல் வாரம் வியாழன் எடின்பரோ வந்து இறங்குகிறோம். வெள்ளி ஓய்வு, ஹிமாலயாஸ். சனி காலை ஈடன், அன்று மதியத்துக்குள் திங்களுக்கான குலுக்கல். ஞாயிறு மூவரும் மைதானத்தில் நடை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் குலுக்கல், கிடைக்காத நாளில் நியூ கோர்ஸ் ஒரு நாள், இலி ஒரு நாள், மற்றது அம்மா சொல்கிற இடம். சனி எடின்பரோ, திரும்பல். கிளப்புகளை எடுத்து வரவா, அங்கேயே வாடகைக்கு எடுக்கவா? எடின்பரோவிலிருந்து எப்படி வருவது?

டண்டீ_தென்றல்
நல்ல திட்டம். ஒரு திருத்தம்: நியூ கோர்ஸ், இலி இரண்டையும் இப்போதே நாள் குறித்துப் பதிவு செய்யாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள், குலுக்கலோடு மோதுமே என்று. பதிவு செய்துவிடுங்கள், ஆனால் நியூ கோர்ஸைப் பிற்பகலில் வையுங்கள். குலுக்கலில் காலை நேரம் விழுந்தால் அப்பாவுக்கு இரண்டு ரவுண்ட் முடியாது, நீங்கள் மட்டும் போகலாம். மே மாதம் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். இலிக்குப் போகும் நாளில் குலுக்கலில் பெயர் கொடுக்காமல் விடுங்கள், ஒரு நாள் நிம்மதி.

ரயிலில் லூகார்ஸ் வரை வாருங்கள், எடின்பரோவிலிருந்து ஒரு மணி நேரம். அங்கே நிலையத்திலேயே 99-ஆம் எண் பஸ், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஊர். பெட்டியும் கோல்ஃப் பையும் அம்மாவும் என்றால் நிலையத்திலிருந்து டாக்சி சுலபம். அப்பா பழகிய பட்டரை மட்டும் கொண்டு வரட்டும், மற்ற கிளப்புகளை டிரஸ்டின் கிளப் வீட்டில் வாடகைக்கு எடுக்கலாம்.

உடுப்பு: மேயிலும் காலையில் 7, 8 டிகிரிதான் இருக்கும், காற்றில் இன்னும் குறைவாகத் தெரியும். மெல்லியதாக மூன்று அடுக்கு, காற்றுப் புகாத மேல்சட்டை, மழைக்கால்சட்டை, காதை மூடும் கம்பளித் தொப்பி. குடை வேண்டாம், காற்று மடக்கிவிடும். கிழக்குக் கரையில் ஹார் என்கிற கடல் மூடுபனி திடீரென்று வரும், எதிரே கொடியே தெரியாது. பயப்படாதீர்கள், கேடிக்குத் தெரியும்.

விசா விண்ணப்பத்தை இப்போதே தொடங்குங்கள். நாள் உறுதியானதும் இங்கே எழுதுங்கள், ஞாயிறு நடைக்கு நானும் டண்டீயிலிருந்து வருகிறேன். அம்மாவுக்கு ஃபிளாஸ்கில் நல்ல ஃபில்டர் காபி கொண்டு வருவேன்.

மேற்குமலை
அக்கா, அம்மா இப்போதே உங்களுக்கு என்ன ஊறுகாய் பிடிக்கும் என்று கேட்கிறார். ஹேண்டிகேப் சான்றிதழுக்கு நாளை கிளப்பில் எழுதிக் கொடுக்கிறேன்.